ஆரைக்கீரையின் வெள்ளைப் பூ

போன வாரம் வேலையிலிருந்து ஓய்வுபெறும் என்னை வழியனுப்ப எல்லோரும் கூடியிருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் ஒருவர் எழுந்து, "சார், ஊர் சனங்க செடிகொடிகளை எதுக்கெல்லாம் பயன்படுத்துறாங்கன்னு கத்துக்க நல்ல புத்தகம் எது? எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டீர்கள். நான் எழுந்தேன். மைக்கைக் கையில் வாங்கினேன். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். கேட்டவருக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதித் தருகிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். செடியை எப்படிப் பறிப்பது, எப்படி அழுத்திக் காயவைப்பது, தாளில் எப்படி ஒட்டுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் கடைசிவரை கைவராத வேலை.

புத்தகத்தைப் பற்றிக் கேட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் சேர்ந்த புதிதில் ஊர்ச் செடிகளைப் பற்றிய இந்த ஆய்வை நடத்திக்கொண்டிருந்தவர் ஒரு அம்மையார். நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். தன் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்பவர், அதனால் இங்கேயும் போடவில்லை. செடிகளை அழுத்தி வைத்த பழைய செய்தித்தாள்களைத் தினமும் மாற்றுவதுதான் அப்போது என் வேலை. ஒருநாள் மேடம் வெளியூர் கிளம்புகிற அவசரத்தில், "ஆரைக்கீரை ஒண்ணு முழுசா வேணும். நான் வர்றதுக்குள்ள எடுத்து வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆரைக்கீரை உங்களுக்குத் தெரியும். நடவு முடிந்து தண்ணீர் நிற்கிற வயலில் மெல்லிய காம்பு ஒன்று மேலே வந்து, அதன் நுனியில் நான்கு இலைகள் சேர்ந்து விரிந்திருக்கும். பயிருக்கு அது களை. பறிக்கிற பெண்களுக்கு அது கீரை. வரப்பில் எறிய வேண்டியதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

முழுசாக என்றால் என்ன என்று மேடத்திடம் கேட்க எனக்குக் கூச்சம். அலமாரியிலிருந்த மூலிகைப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். ஐந்து புத்தகங்களில் ஆரைக்கீரை இருந்தது. ஐந்திலும் "பூக்கள் வெண்ணிறமானவை" என்றும் இருந்தது. ஐந்து பேர் சொன்ன பிறகு சந்தேகம் எங்கே வரும்? முழுச் செடி என்றால் பூவும் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயல் வயலாகப் பூவைத் தேடினேன்.

ஒரு வயலில் பெண்கள் வரிசையாகக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பிலிருந்து குனிந்து குனிந்து பார்ப்பதை அவர்கள் சில நாட்களாகவே கவனித்திருக்கிறார்கள்.

"என்ன தம்பி, மோதிரம் கீதிரம் வுழுந்துடுச்சா?" என்றார் ஒருவர்.

"இல்லைங்க. ஆரைக்கீரைப் பூ..."

வரிசை முழுவதும் நிமிர்ந்தது.

"என்ன பூவு?"

"ஆரைக்கீரைப் பூங்க. வெள்ளையா இருக்கும்னு போட்டிருக்கு."

"அடியே, கேட்டுக்கிட்டீங்களா? தம்பி, பூத்துச்சுன்னா எங்களுக்கும் ஆளுக்கொரு முழம் கட்டிக் குடுங்க. தலையில வச்சுக்கிட்டுத் திருவாரூர் தேருக்குப் போறோம்."

வயலே சிரித்தது. அப்படிச் சொன்னவர் பெயர் அஞ்சம்மாள். அவரைப் பற்றித்தான் பின்னால் நிறைய எழுதப் போகிறேன். அன்றைக்கு எனக்குக் காது வரை சூடேறி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மேடம் திரும்பி வந்ததும், பூ கிடைக்கவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் திட்டவில்லை. ஐந்து புத்தகங்களையும் எடுத்து மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மூன்றாவதைப் படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் ஒரே வாக்கியம். காற்புள்ளி கூட அதே இடத்தில் இருந்தது.

"இது அஞ்சு பேரு பாத்ததா? ஒருத்தர் எழுதுனத நாலு பேரு பாத்து எழுதுனதா?" என்று கேட்டார். பிறகு, ஆரைக்கீரை பெரணி இனம், பூக்கவே பூக்காது, காம்பின் அடியில் மிளகு மாதிரி கறுப்பாக இருப்பது காயும் இல்லை, அதற்குள் இருப்பது விதையும் இல்லை, தூள் மாதிரியான வித்துகள் என்று விளக்கினார். அதோடு சேர்த்துத்தான் முழுசாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"அப்ப அந்த மொத ஆளு ஏங்க மேடம் பூன்னு எழுதுனாரு?"

மேடம் புத்தகங்களை ஒவ்வொன்றாக மூடினார். "வேர், இலை, பூ, காய்னு வரிசையாக் கட்டம் போட்டு வச்சிருப்பாரு. எல்லாத்தையும் எழுதிட்டாரு. பூவுல மட்டும் ஒண்ணும் இல்ல. காலியா விட மனசு வந்திருக்காது. கெட்ட எண்ணமெல்லாம் கெடையாது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக, புத்தகம் எது என்று கேட்டவருக்கு என் பதில் இது. எந்தப் புத்தகமாக இருந்தாலும் முதலில் அதில் "தெரியவில்லை" என்று ஓரிடத்திலாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அதைக் கையில் எடுக்கலாம். எந்த ஊரில், எந்த மாதத்தில், யார் சொல்லி இதை எழுதினேன் என்று இருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். பறித்த செடியை எந்தக் கல்லூரி அலமாரியில், எந்த எண்ணில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கலாம். எல்லா நோய்க்கும் எல்லாச் செடியும் கேட்கும் என்கிற புத்தகத்தைச் செய்தித்தாளோடு சேர்த்துச் செடி அழுத்தப் பயன்படுத்துங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

கைபேசியில் படம் பிடித்தால் பெயர் வருகிறதே என்று என்னிடம் காட்டினீர்கள். நல்ல வசதி. எங்களுக்கு இருந்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். ஆனால் செடியின் பெயர் கிடைத்த இடத்தில் உங்கள் வேலை முடியவில்லை. அதை யார் தின்றார்கள், யார் தின்ன மறுத்தார்கள் என்பதை அந்தப் படம் சொல்லாது.

சரி, புத்தகம் வேண்டாம், ஆட்களிடமே கேட்போம் என்று போனாலும் ஏமாற இடம் இருக்கிறது. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு வைத்தியரைப் பார்க்கப் போனோம். மனிதர் மடைதிறந்தது மாதிரி சொன்னார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். எழுதி எழுதிக் கை வலித்தது. பாதிக்கு மேல் போனபோது, இந்த வரிசையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. நாங்களே அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் அச்சடித்துக் கொடுத்த சிறு புத்தகம் அது. அதில் ஒரு செடிக்கு "வேர்" என்பதற்குப் பதில் "வேறு" என்று அச்சாகியிருந்தது. வைத்தியரும் அந்த இடத்தில், "இதுக்கு வேற பாகம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். நாங்கள் எறிந்த பந்தே எங்களிடம் திரும்பி வந்திருக்கிறது. அவர்மேல் தப்பில்லை. எங்களை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. அன்றிலிருந்து நான் யாரிடம் போனாலும் முதலில் வீட்டில் என்ன புத்தகம் வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன்.

இனி அஞ்சம்மாள்.

பூ விஷயம் நடந்த அடுத்த பருவத்தில், களை எடுக்கிற பெண்களின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்யலாம் என்று மேடம் முடிவு செய்தார். யார் நன்றாகப் பேசுவார்கள் என்று கேட்டபோது ஊரில் எல்லோரும் அஞ்சம்மாளைக் காட்டினார்கள். பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு. ஒரு செடியைக் காட்டினால் அதன் பெயரை நேராகச் சொல்ல மாட்டார். அது யார் வீட்டு வேலியில் முளைத்தது, அந்த வீட்டுக்காரி எப்படிப்பட்டவள், அவளுக்கும் தனக்கும் என்ன தகராறு என்று சுற்றி வந்துதான் செடிக்கு வருவார். வந்த வேகத்தில் தன் மகனிடம் போய்விடுவார். மகன் பெயர் முருகையன். அப்போதுதான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். எந்தச் செடியைத் தொட்டாலும் அதன் மறுமுனையில் முருகையன் இருப்பான்.

ஒலிநாடாக்கள் எங்களுக்கு அளவாகத்தான் வரும். அதனால் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பேச்சு செடியை விட்டு விலகினால் நிறுத்தும் பொத்தானை அழுத்துவது, திரும்பி வந்ததும் விடுவது. எல்லாக் குழுவும் அப்படித்தான் செய்தது. எங்கள் குழுவில் ஒலிப்பதிவுப் பெட்டியைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. எனக்கு அது பிடித்தும் இருந்தது. பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்; யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

அஞ்சம்மாள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, எம்மவன் பேச்ச எடுத்தாலே உங்க கட்டைவெரலு துடிக்குதே, ஏன்?"

"நாடா வீணாப் போயிடுங்க."

"எம்மவன் பேருக்கு அம்புட்டு நாடா ஆவுதா? பாத்துக்கிட்டீங்களாடி, நான் பெத்தது ரொம்ப நீளம்!"

பெண்கள் சிரித்தார்கள். நான் பொத்தானை அழுத்தினேன்.

அந்த நாடாக்களிலிருந்து எழுதியெடுத்துத்தான் இப்போது உங்கள் மேசையில் இருக்கும் புத்தகம் வந்தது. செடி, பாகம், பயன் என்று சுத்தமாக இருக்கும். வெளியூரிலிருந்து படிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். நல்ல புத்தகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் போன வருடம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் கோடையில், மேட்டூர் அணை திறப்பதற்கு முன்னால், ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். நரை விழுந்த தலை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை. உள்ளே யாரும் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்.

"அண்ணே, நான் அஞ்சம்மா மவன். முருகையன்."

பெயரைக் கேட்டதும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. அவ்வளவு காலம் கேட்டு வெட்டியெறிந்த பெயர் கால் முளைத்து வந்து நிற்கிறது.

"எங்கம்மா பேசுனது உங்ககிட்ட இருக்குதுன்னு ஊர்ல சொன்னாங்க. கேக்க முடியுமாண்ணே?"

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவரே பேசினார். அம்மா இறந்தபோது அவரால் வர முடியவில்லையாம். ரேஷன் கார்டுக்கு எடுத்த படம் ஒன்றைத் தவிர வீட்டில் வேறு எதுவும் இல்லை. குரல் மட்டும் இங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்.

"கொரலு மட்டும் இல்லண்ணே, ஒண்ணு தெரிஞ்சுக்கணும்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் பயணம் கெளம்புற அன்னைக்குக் காலையில ஆரைக்கீரையைக் கடைஞ்சு சோறு போட்டு வச்சிருந்தாங்க. எனக்கு ரொம்பப் புடிக்கும். ஆனா அன்னைக்குக் கூட்டாளிங்க நாலு பேரு வழியனுப்ப வந்து நிக்கிறானுங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. பிளேன் ஏறப் போறவன் களையப் புடுங்கித் தின்னுட்டா போவான்னு சொல்லித் தட்டத் தள்ளி வச்சுட்டேன். அவனுங்க சிரிச்சானுங்க. அம்மா ஒண்ணும் சொல்லல. எடுத்து மூடி வச்சுட்டாங்க."

"பொறவு நீங்க லீவுல வரலைங்களா?"

"ரெண்டு வாட்டி வந்தேன். கோழி அடிச்சாங்க, மீனு வாங்குனாங்க. ஆரைக்கீரைய மட்டும் வைக்கவே இல்ல. நானும் கேக்கல. அத மனசுல வச்சிருந்தாங்களா, மறந்துட்டாங்களான்னு எனக்குத் தெரியல. நான் சிங்கப்பூரு போன அதே வருஷந்தான் நீங்க வந்து பேச்சப் புடிச்சதாச் சொன்னாங்க. அப்ப என்னப் பத்தி எதுனா சொல்லியிருப்பாங்கள்ல?"

நான் கணினியைத் திறந்தேன். பழைய நாடாக்களை அதில் ஏற்றி வைத்திருக்கிறோம், பார்த்திருப்பீர்கள். அஞ்சம்மாளுடையதைத் தேடிப் போட்டேன்.

"இது ஓடுதா தம்பி? ஓடலன்னா ஒரு அடி குடுங்க, எங்க வூட்டு ரேடியோ அப்புடித்தான்" என்று அஞ்சம்மாள் பேசினார். முருகையன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

முதலில் நொச்சி. "நொச்சியா, தண்ணியில போட்டு ஆவி புடிச்சா சளி எறங்கும். எம்மவனுக்கு ஒருக்கா—" டக்.

அடுத்தது குப்பைமேனி. "செரங்குக்கு அரைச்சுப் போடுறதுங்க. உப்பு ஒரு கல்லு வச்சு. மொத மொத எம்மவனுக்குப் போட்டப்ப—" டக்.

நான் எத்தனையோ முறை கேட்ட நாடாதான் அது. எழுதியெடுத்ததும் நான்தான். அந்த "டக்" என் காதில் அதுவரை விழுந்ததே இல்லை. அன்று பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தபோது, ஒவ்வொரு முறையும் யாரோ கதவைச் சாத்துவது மாதிரி கேட்டது.

"ஏண்ணே நடுவுல நடுவுல நின்னுபோவுது?"

"அப்ப நாங்க நிறுத்திருவோம் தம்பி. செடியப் பத்தி மட்டும்னு ஒரு வழக்கம்."

அவர் கோபப்படவில்லை. "நொச்சிக்கு என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். "பானையில கொதிக்கிற தண்ணிய வச்சா நான் ஒதச்சுத் தள்ளிப்புடுவேன். ஒருக்கா கால்ல கொட்டிக்கிட்டேன். பொறவு செங்கல்ல அடுப்புல சுட்டு, பச்சத்தண்ணியில நொச்சி எலையப் போட்டு, செங்கல்ல அதுக்குள்ள எறக்குவாங்க. புஸ்ஸுன்னு ஆவி வரும். சின்னப் புள்ளைங்களுக்கு அப்புடித்தான் செய்வாங்க."

நம் புத்தகத்தில் அது இல்லை. கைபேசியை எடுத்துப் பதிவில் போட்டு மேசைமேல் வைத்தேன். வைத்துவிட்டுக் கையை மடியில் கட்டிக்கொண்டேன்.

குப்பைமேனிக்கு, புண் உடைந்திருந்தால் அம்மா போடவே மாட்டார் என்றார். முதல்முறை போட்டபோது அவர் வலியில் தெரு முழுக்க ஓடினாராம், அதிலிருந்து தோல் உடையாத சிரங்குக்கு மட்டும்தான். இதுவும் நம் புத்தகத்தில் இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாராவது உடைந்த புண்ணில் உப்போடு அரைத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இனி அச்சடிக்கும்போது அதைச் சேர்த்துவிடுங்கள். முருகையன் சொன்னது என்று அவர் பெயரையும் போடுங்கள்.

செடியைப் பற்றி மட்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் செடியைப் பற்றிய பாதியையே வெளியே தள்ளியிருக்கிறது. யாருக்குக் கொடுத்தார்கள், அவனுக்கு அது ஒத்துக்கொண்டதா, எப்போது நிறுத்தினார்கள் என்பதெல்லாம் மகனைப் பற்றிய பேச்சில் இருந்திருக்கிறது.

அப்படியே ஒவ்வொரு செடியாகப் போனோம். நாடா நின்ற இடத்திலெல்லாம் அவர் தொடர்ந்து சொன்னார். சில இடங்களில் அம்மாவைப் போலவே கையை ஆட்டிக்கொண்டு பேசினார். அவருக்குள் இவ்வளவு இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. யாரும் கேட்டதில்லை. தின்று வளர்ந்தவனைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.

பிறகு ஆரைக்கீரை வந்தது.

"ஆரைக்கீரையா? கிள்ளி, நல்லா அலசணும், சேறு போவாது. பருப்பு போட்டுக் கடையறதுதான். எம்மவன் பயணம் போன அன்னைக்குக் காலையில இதத்தான்—" டக். "வெயிலு தாவத்துக்கும் நல்லதுங்க" என்று அடுத்த வரி வந்துவிட்டது.

முருகையன் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி போடுங்கண்ணே."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். போட்டேன். "இதத்தான்" என்பதில் கோபம் இருக்கிறதா, வருத்தம் இருக்கிறதா என்று இரண்டு பேரும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டோம். எதுவும் தெரியவில்லை. சாதாரணமாகத்தான் இருந்தது.

"இது எனக்குத் தெரியாதுண்ணே" என்றார். "மத்ததெல்லாம் தெரியும். இது தெரியாது. நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் நான் குனிந்து, பக்கத்திலிருந்த செடிக் கட்டின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். பொத்தானோடு என் காதும் நின்றுவிடும், அப்படியே பழகியிருந்தேன். ஆனால் ஒன்று மட்டும் கேட்டது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். பழைய வெள்ளைப் பூ விஷயத்தைச் சொல்லி என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து நான் நிமிரவே இல்லை.

அதைச் சொன்னேன். "என்ன சொன்னாங்கன்னு காதுல விழல தம்பி. எல்லாரும் சிரிச்சாங்க. அது மட்டும் தெரியும்."

"சிரிச்சாங்களா?" அவர் முகம் சட்டென்று மாறியது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அம்மாவும் சிரிச்சாங்களாண்ணே?"

இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ஆமாம் என்று சொன்னால் போதும். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. அன்று அந்த வரிசையில் நின்ற பெண்களில் பலர் இப்போது இல்லை, இருப்பவர்களுக்கும் அது எந்தச் சிரிப்பு என்று நினைவிருக்காது. சரிபார்க்க யாராலும் முடியாது. அஞ்சம்மாளைப் பார்த்த யாரும் அவர் சிரித்திருப்பார் என்றுதான் சொல்வார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. வாயும் திறந்துவிட்டது.

அப்போதுதான் அந்த முதல் ஆள் நினைவுக்கு வந்தார். ஆரைக்கீரைக்குப் பூ எழுதினவர். கட்டத்தைக் காலியாக விட மனசு வராதவர். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது என்று மேடம் சொன்னது அவ்வளவு காலம் கழித்து எனக்கு விளங்கியது. என் முன்னால் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் ஒரு வெள்ளைப் பூவை எழுத என் கையும் பரபரத்தது.

"நான் பாக்கல தம்பி" என்றேன். "குனிஞ்சிருந்தேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு நேரம் பேச்சே இல்லாமல் போயிற்று என்று தெரியாது. கடைசியில் "சரிண்ணே" என்றார். "பாக்காதத எப்புடிச் சொல்லுவீங்க."

குரலை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது எதிரே இருந்த காய்ந்த வயலைப் பார்த்தார்.

"இப்ப ஆரைக்கீரை எங்கண்ணே கெடைக்கும்?"

"தண்ணி வரட்டும். எல்லாரும் களைக்கொல்லி அடிக்கிறாங்க, அந்த வயல்ல வராது. அடிக்காதவங்க வயலு ரெண்டு மூணு இருக்கு. சொல்றேன்."

"சொல்லுங்க" என்றார். மழைக்காலத்தில் அவருக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னேன். போனாரா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் லேசான மனதோடு போயிருப்பார். சொல்லாமல் விட்டது இப்போதும் என்னை உறுத்துகிறது. சொல்லியிருந்தாலும் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். எது குறைவாக உறுத்தும் என்று பார்த்துச் செய்கிற வேலை இது இல்லை. எது சரி என்று உங்களுக்குச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெளிவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி வரும்படியே நாங்கள் வைத்திருக்கக் கூடாது. இன்று உங்கள் கைபேசியில் நாள் முழுக்கப் பதிவு செய்ய இடம் இருக்கிறது. பேசுகிறவர் செடியை விட்டு எங்கே போனாலும் பின்னாலேயே போங்கள். முக்கியமாக, அவர் முகத்தைப் பாருங்கள். என்னைப் போலக் கூச்சப்பட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

முருகையன் பேசியதை அலுவலகக் கணினியில், அவர் அம்மா பேச்சுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். புத்தகத்தை இணையத்தில் ஏற்றப் போவதாகச் சொன்னீர்கள். அதற்கு முன் இரண்டையும் சேர்த்து ஒருமுறை கேளுங்கள். ஆரைக்கீரைக்கு வரும்போது, முருகையனின் பதிவில் நடுவே நெடுநேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். பழுது என்று நினைத்து அதை வெட்டிவிடாதீர்கள்.